தெருவும் நிலமும் பொது நலமும்: திருவனந்தபுரம் கூறும் பாடம்

நகரமைப்பு என்றவுடன் வரைபடமும், சாலையின் அகலமும், வடிகாலின் ஆழமும் நம் நினைவிற்கு வருகின்றன. அது பொறியியலாரின் பணி; அரசியல் தத்துவமோ வகுப்பறைக்கும் நூலகத்திற்கும் உரியது என்று எண்ணுவோர் பலர். இவ்வெண்ணம் சரியன்று. ஒரு சாலையில் யார் நடக்கலாம், நகரின் நடுவே யார் குடியிருக்கலாம், நகரின் குப்பை யாருடைய ஊரில் போய்ச் சேரலாம் என்ற வினாக்களுக்கு அளவுகோல் மட்டும் விடை தராது. மனிதர் யாவரும் சமமா, பொது நலம் என்பது எது, அதற்காக யார் எதனை விட்டுக்கொடுப்பது என்பவை முதலில் முடிவாக வேண்டும். அம்முடிவு வெளிப்படையாக எழுதப்படாவிட்டாலும், ஒவ்வொரு திட்டத்தின் உள்ளேயும் மறைந்து நிற்கிறது.

நகரமைப்பின் வரலாறும் இதனையே காட்டுகிறது. இங்கிலாந்தில் எபனேசர் ஹோவர்டு 1898-இல் தோட்ட நகரக் கருத்தை வெளியிட்டார். மரம் சூழ்ந்த வீதிகள் மட்டும் அவருடைய நோக்கமல்ல. நகரம் வளர வளர உயரும் நில மதிப்பு தனியாருக்குச் செல்லாமல், நகர மக்களின் பொது நிதிக்கே திரும்ப வேண்டும் என்பதே அதன் அடிப்படை. உலகம் மரங்களை ஏற்றுக்கொண்டது. நிலம் பற்றிய கொள்கையைப் பெரும்பாலும் கைவிட்டது. 1914-இல் இந்தியாவிற்கு வந்த பாட்ரிக் கெடிஸ், பழைய குடியிருப்புகளை இடித்து அகன்ற சாலைகளைப் போடுவதை எதிர்த்தார். இருப்பதைப் பேணி, இன்றியமையாத மாற்றங்களை மட்டும் செய்யுமாறு வலியுறுத்தினார். சென்னை மாகாணத்தில் நகரமைப்புச் சட்டம் 1920-இலும், திருவிதாங்கூரில் கொல்லம் ஆண்டு 1108-இலும் (1932-33) இயற்றப்பட்டன. ஆனால், திருவனந்தபுரத்தில் நகரமைப்பின் முதல் வினா சட்டம் வருவதற்கு முன்பே எழுந்துவிட்டது.

தெரு யாருக்கு உரியது?

பொதுச் சாலை என்று பெயரளவில் இருந்தாலும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியினர் அவற்றில் தடையின்றி நடக்க இயலவில்லை. திருவனந்தபுரத்தை அடுத்த வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யன்காளி, 1893-இல் வில்வண்டியில் அமர்ந்து, தலைப்பாகை அணிந்து, அச்சாலைகளின் வழியே சென்றார். சாலைக்குப் புதிதாக ஒரு கல் கூடப் பதிக்கப்படவில்லை. எனினும் அச்சாலையின் பயன் அன்று மாறத் தொடங்கியது. 1924-25-இல் பெரியார் பங்கேற்ற வைக்கம் போராட்டமும் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகவே நிகழ்ந்தது. 1936 நவம்பர் 12-இல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியாயிற்று. 1980-இல் இந்திரா காந்தி திறந்து வைத்த அய்யன்காளியின் சிலை, இன்று வெள்ளயம்பலம் சந்திப்பில் நிற்கிறது. சாலைச் சந்திப்பு அவருக்குப் பொருத்தமான இடமே.

நிலமும் குடியிருப்பும்

தெருவில் நடக்கும் உரிமையை அடுத்து, குடியிருக்கும் உரிமை பற்றிய வினா எழுந்தது. 1970 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தம், பிறர் நிலத்தில் குடிசை அமைத்து வாழ்ந்தோருக்குக் குடியிருந்த மனையைச் சொந்தமாக்கிக் கொள்ளும் உரிமையை அளித்தது. ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட், சிறு நகராட்சிகளில் 5 சென்ட், பெரிய நகரங்களில் 3 சென்ட் என வரம்பு குறிக்கப்பட்டது. இது நகரமைப்புச் சட்டம் அன்று. ஆயினும் கேரளத்தின் ஊர்த் தோற்றத்தை உருவாக்கியதில் இதன் பங்கு பெரிது. எந்நேரமும் வெளியேற்றப்படலாம் என்ற அச்சம் நீங்கியதால், ஏழைக் குடும்பங்கள் கிடைத்த பணத்தை வீட்டிலும் பிள்ளைகளின் கல்வியிலும் செலவிட முடிந்தது. 

இதன் மறுபக்கத்தையும் பொருளாதார நோக்கில் காண வேண்டும். வீடுதோறும் ஒரு சிறு மனை, அதில் ஒரு கிணறு, அருகிலேயே ஒரு கழிவறைக் குழி என்ற அமைப்பு கேரளத்தில் முன்பே வேரூன்றியது. மனைகள் சிறுத்தபோது கிணற்றுக்கும் குழிக்கும் இடையே உள்ள தொலைவும் குறைந்தது. வீடுகள் பரவிக் கிடப்பதால் ஒவ்வொரு வீட்டிற்கும் தேவைப்படும் குழாயின் நீளமும் செலவும் கூடுகின்றன. 2001-இல் மாநில மக்கள்தொகையில் 26 சதவீதமாக இருந்த நகர்ப்புறப் பங்கு, 2011-இல் 47.7 சதவீதமாக உயர்ந்தது. மக்கள் பெருந்திரளாக நகருக்குக் குடிபெயர்ந்ததே இதற்குக் காரணம் என்று கொள்ளலாகாது. கணக்கெடுப்பு நகரங்கள் என வகைப்படுத்தப்பட்ட ஊர்களின் எண்ணிக்கை 99-லிருந்து 461-ஆயிற்று. ஊர்கள் இருந்த இடத்திலேயே நகரங்களாயின. நீதியின் பொருட்டு எடுத்த முடிவுக்கும் ஒரு செலவு உண்டு. அச்செலவை ஏற்றுத் திட்டமிடுவதே அரசின் கடமை. அதனைக் காட்டி நீதியைக் குறை கூறுதல் பொருந்தாது.

சிக்கனமும் ஓர் அறமே

1970-களில் திருவனந்தபுரம் உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகம் எழுந்தது. பொருளியலறிஞர் கே. என். ராஜ் நிறுவிய அம்மையத்திற்கு வடிவம் தந்தவர் லாரி பேக்கர். வீட்டிற்கான பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவிற்குள் கிடைப்பவையாக இருக்க வேண்டும் என்று காந்தியடிகள் கூறியதைப் பேக்கர் பலமுறை நினைவு கூர்ந்துள்ளார். அக்கருத்தை அவர் செங்கல்லாலேயே செய்து காட்டினார். உள்ளே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டுமானம் ஏறத்தாழக் கால் பங்கு செங்கல்லை மிச்சப்படுத்துகிறது. துளைச் சுவர் காற்றையும் வெளிச்சத்தையும் தருகிறது. சிமெண்டுக்கும் எஃகிற்கும் செல்லும் பணம் வெளியூருக்குப் போய்விடும். கொத்தனாரின் கூலிக்குச் செல்லும் பணமோ அவ்வூரிலேயே புழங்கும். 

தலைமைச் செயலகத்திற்கு அருகிலுள்ள செங்கல்சூளைக் குடிசைப் பகுதியிலும் பேக்கர் வீடுகளை வடிவமைத்தார். அச்செயலகத்தைக் கட்டுவதற்கு வேண்டிய செங்கல் சுடப்பட்ட இடம் அது என்பர். உழைப்பவரை நகரின் ஓரத்திற்குத் தள்ளாமல் நடுவிலேயே குடியமர்த்துவதால், அவர் வேலைக்குச் செல்லும் தொலைவு கூடுவதில்லை. வரைபடத்தில் ஒரு புள்ளியாகத் தோன்றும் இம்முடிவு, ஒரு குடும்பத்தின் மாத வரவு செலவையே நிர்ணயிக்கிறது.

எல்லைக்கு அப்பால் உள்ளோர்

பெரும்பான்மையோரின் நன்மையே பொது நலம் என்ற கொள்கை எங்கே தவறுகிறது என்பதை விளப்பில்சாலை காட்டியது. மாநகரின் குப்பையைப் பதப்படுத்த, நகர எல்லைக்கு வெளியே விளப்பில் ஊராட்சியில் 2000-இல் ஓர் ஆலை தொடங்கப்பட்டது. நகரம் தூய்மை பெற்றது. துர்நாற்றமும், ஓடையில் கலந்த கழிவுநீரும் கிராமத்தின் பங்காயின. ஒருவர் பெறும் பயனுக்காக அதில் பங்கில்லாத மற்றொருவர் தாங்கும் இழப்பைப் பொருளியலார் புறச்செலவு என்பர். 2011 டிசம்பரில் ஊராட்சி அந்த ஆலையைப் பூட்டியது. 2012-இல் காவல் துறையின் துணையுடன் வண்டிகளைக் கொண்டுசெல்ல நடந்த முயற்சியும் மக்கள் எதிர்ப்பால் கைகூடவில்லை.

எண்ணிக்கையில் நகர மக்களே மிகுதி. ஆனால், தம் வாக்கால் தேர்ந்தெடுக்கப்படாத ஒரு மாநகராட்சியின் சுமையைக் கிராம மக்கள் ஏன் தாங்க வேண்டும் என்ற வினாவுக்கு அந்த எண்ணிக்கை விடையாகவில்லை. உள்ளாட்சிகளுக்கு அரசியலமைப்பு அங்கீகாரம் தந்த 73, 74-ஆம் திருத்தங்களும், மாநிலத் திட்ட ஒதுக்கீட்டில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு வழங்க வகை செய்த 1996-ஆம் ஆண்டின் மக்கள் திட்ட இயக்கமும், மறுப்புக் கூறும் வலிமையைச் சிற்றூருக்கும் அளித்திருந்தன. ஆலை மூடப்பட்டபின், மட்கும் கழிவை வீட்டிலும் வார்டிலுமே உரமாக்கும் முறைக்கு நகரம் திரும்ப நேர்ந்தது. மட்காத கழிவை வீடுதோறும் சென்று திரட்டும் பணி, ஹரித கர்ம சேனை மகளிரிடம் உள்ளது.

எனினும், சுமை முற்றிலும் நியாயமாகப் பங்கிடப்பட்டுவிட்டது என்று கூறுவதற்கில்லை. 2024 ஜூலையில், தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியில் செல்லும் ஆமயிழஞ்சான் தோட்டைத் துப்புரவு செய்ய இறங்கிய தொழிலாளி ஒருவர் நீரில் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். நகரம் எறிந்த நெகிழிக் கழிவு அத்தோட்டில் குவிந்து கிடந்தது. ஊருக்கு வெளியே தள்ள முடியாத கழிவு, ஊருக்குள்ளேயே மிக எளியவரின் தலைமேல் வந்து விழுந்தது.

திட்டத்தைப் படிக்கும் முறை

ஆகவே, ஒரு நகரத் திட்டம் நம் மேசைக்கு வரும்போது அதன் மதிப்பீட்டுத் தொகையையும் வரைபடத்தையும் பார்ப்பதோடு மூன்று வினாக்களையும் எழுப்ப வேண்டும். இதன் பயன் யாருக்கு? இதன் சுமை யார்மீது? அச்சுமையைத் தாங்குவோருக்கு முடிவெடுப்பதில் இடம் உண்டா? முதல் வினாவுக்கு ஒவ்வொரு திட்ட அறிக்கையும் விரிவாக விடை கூறும். இரண்டாவதற்கு ஒரு பத்தியில் விடை இருக்கலாம். மூன்றாவது வினாவுக்கு விடை இல்லாத திட்டம், எவ்வளவு செம்மையாக வரையப்பட்டிருப்பினும், விளப்பில்சாலையின் வாயிலைப் போல் ஒருநாள் பூட்டப்படும். திட்டம் தீட்டும் அலுவலரும், அதனைப் பயிலும் மாணவரும் இந்த மூன்றாவது வினாவிலிருந்தே தம் பணியைத் தொடங்குவது நலம்.