மதில் மேல் பூனை: கார்த்திகைப் பூ

பூனையின் கல்லீரலைப் பற்றிப் போன வாரம் பார்த்தோம். பாரசிட்டமாலை முறிக்கும் நொதி அதற்குப் போதாது. நமக்கு ஜுரம் இறக்கும் மாத்திரை அதற்கு எமன். இந்த வாரம் பூனை விழுங்கும் பனியன் நூலைப் பற்றி என்று சொல்லியிருந்தேன். அதற்குள் மார்கழி வந்து குறுக்கே நின்றுகொண்டது.

பொங்கலூர் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பக்கத்தில் வைத்த பாயின்செட்டியாச் செடியைப் பூனை கடித்துவிட்டதாம். பிழைக்குமா?

பிழைக்கும் அம்மா. அந்தச் செடியின் பால் வாயைக் காந்தும், எச்சில் ஒழுகும், ஓரிரு முறை வாந்தி வரலாம். 1919-ல் ஹவாயில் ஒரு குழந்தை அந்த இலையைத் தின்று இறந்ததாகக் கிளம்பிய, நிரூபிக்கப்படாத கதைதான் அந்தச் செடிக்குக் கொலைகாரப் பட்டம் வாங்கித் தந்தது.

கடிதத்தின் கடைசி வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை: வேலியில் கார்த்திகைப் பூக் கொடியும் இருக்கிறதாம்!

நம் மாநில மலரான செங்காந்தள்தான் அது. மூலனூர், தாராபுரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று கம்பியில் ஏற்றி, கையாலேயே மகரந்தம் சேர்த்து, விதைக்காக வளர்க்கிறார்கள். விதையிலிருந்து எடுக்கும் கோல்சிசின் கீல்வாதத்துக்கு மருந்து. இன்னொரு வேலையும் அதற்கு உண்டு. இரண்டாகப் பிரியப் புறப்பட்ட செல்லைப் பாதியிலேயே நிறுத்திவிடும். குரோமோசோம்கள் இரட்டித்து அங்கேயே தங்கிவிடும். ஜப்பானிய மரபியலாளர் கிஹாரா இதை வைத்துத்தான் விதையில்லாத் தர்ப்பூசணிக்கு வழி கண்டார். கோடையில் நாம் கொட்டை துப்பாமல் தின்பது இந்த விஷத்தின் தயவு!

பூனையின் வயிற்றில் அதே வித்தைதான் வினை. குடலின் உட்சுவரிலும் எலும்பு மஜ்ஜையிலும் செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கின்றன. முதல் அடி அங்கேதான் விழும். வாந்தி, ரத்தக் கழிச்சல், பிறகு மஜ்ஜையே ஓய்ந்துபோகும். கிழங்கு, விதை, இலை, பூ எல்லாமே விஷம்.

இன்னொரு எதிரி, புத்தாண்டுக்குக் கம்பெனிகளுக்கு வரும் பொக்கேயில் இருக்கிறது: லில்லி. நாய் தின்றால் பெரும்பாலும் வயிற்றுக் கோளாறோடு போய்விடும். பூனைக்கோ, மேலே ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே, ஜாடித் தண்ணீரைக் குடித்தாலே, இரண்டு மூன்று நாளில் சிறுநீரகம் செயலிழக்கலாம். அலமாரி உச்சியில் வைத்தால் போதாது. பூனை உள்ள வீட்டுக்குள் லில்லியே வேண்டாம். கூடத்து மூலையில் தொட்டியில் நிற்கும் பீஸ் லில்லி வேறு குடும்பம். அது வாயைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைத் தொடாது.

கடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தி வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். கடித்த செடியில் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு, பூனையோடு உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

பனியன் நூல் அடுத்த வாரம், கட்டாயம். அதுவரை ஒன்று மட்டும்: பூனையின் வாயிலோ பின்புறத்திலோ நூல் தொங்கினால் இழுத்துவிடாதீர்கள். உள்ளே குடல் அறுபடும்.