'கலெக்டர்' என்னும் சொல்லின் இதழ்வழக்கு

ஆங்கிலத்தில் 'கலெக்டர்' என்பதன் நேர்ப்பொருள் தண்டுபவர் என்பதாம். 1772இல் வாரன் ஹேஸ்டிங்சு வங்காளத்தில் அப்பெயரால் ஒரு பதவியை அமைத்தபோது நிலவரி தண்டுதலே அதன் முதற்கடனாக இருந்தது. தமிழிதழ்களோ சொல்லை ஏற்றுப் பொருளை விடுத்தன. இதனை ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

1882இல் தோன்றிய சுதேசமித்திரன் முதலாய இதழ்களில் 'ஜில்லா கலெக்டர்', 'கலெக்டர் துரை' என்னும் தொடர்கள் பயின்றன. 'துரை' என்னும் அடையே சொல்லின் பொருள் எத்திசையில் நகர்ந்தது என்பதைக் காட்டும். வரி தண்டுவோனைத் துரை என அழைப்பார் யார்? வ. உ. சிதம்பரனாரை எதிர்த்த விஞ்சு என்னும் கலெக்டரின் கூற்றாகப் பாரதியார் பாட்டமைத்ததும், 1911இல் மணியாச்சியில் ஆஷ் கொல்லப்பட்டதும் அப்பெயரை ஆட்சியதிகாரத்தின் உருவாகவே மக்கள் உள்ளத்தில் நிறுத்தின.

'டர்' என முடியும் இச்சொல்லின் ஈற்று ரகரமெய் தமிழின் உயர்வுப்பன்மை விகுதியோடு ஒத்திசைத்தது தற்செயலே. எனினும், 'கலெக்டர் வந்தார்' என்பது செவிக்கு இயல்பாயிற்று. 'டாக்டர்', 'இன்ஸ்பெக்டர்' என்பனவும் அவ்வாறே. 'பியூன்' என்னும் சொல்லுக்கு இப்பேறு கிட்டவில்லை.

தண்டுதற்பொருள் அடியோடு அழிந்ததெனக் கொள்ளற்க. 'பில் கலெக்டர்', 'டிக்கெட் கலெக்டர்' என அடைபெற்று வருமிடத்து அது நிலைத்து நின்றது. அடையின்றி வரும் 'கலெக்டர்' மட்டும் மாவட்டத் தலைவரையே குறித்தது. ஒரு கடன்சொல் தமிழில் அடையுற்றும் அடையறாதும் இருவேறு பொருள்கொண்டமைக்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

கல்வராயன் மலையில் இவ்வேறுபாடு சொல்லளவில் நில்லாமல் வாழ்வளவிலும் விளங்கியது. தென்னார்க்காடு 1801இல் கும்பினியார் கைக்கு வந்தது. கள்ளக்குறிச்சி வட்டம் பின்னர் அம்மாவட்டத்தின் பகுதியாய் இருந்தது. கீழ்நாட்டு உழவன் நிலவரி கலெக்டரின் ஆட்சிக்குட்பட்ட அலுவலர்வழியே சென்றது. மலைமேல் வாழ்ந்த மலையாளி மக்களிடம் தண்டியவரோ ஜாகீர்தார். 1976இல் ஜாகீர்முறை ஒழிக்கப்படும்வரை அந்நிலை நீடித்தது. எனவே அம்மக்களுக்குத் 'தண்டுபவர்' ஒருவர், 'கலெக்டர்' வேறொருவர். சொற்பிறப்பு ஒன்றையே பற்றி அகராதிப்பொருள் வரைவோர் இம்மலைமேல் இடறுவர்.

1956இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றப்பட்டபின் கலைச்சொல்லாக்கம் விரைவுற்றது. 'தண்டல்நாயகர்' என்னும் ஆக்கம் ஆங்கிலச் சொல்லின் வேரை நோக்கியது. தண்டல் என்பது கல்வெட்டுக்களிற் பயின்ற நற்சொல்லே. ஆயினும் அவ்வாக்கம் வேரூன்றவில்லை. 'மாவட்ட ஆட்சித் தலைவர்' என்பதும், அதன் சுருக்கமாய் 'ஆட்சியர்' என்பதுமே நிலைபெற்றன. இவை ஆங்கிலச் சொல்லின் மொழிபெயர்ப்பல்ல. முக்கால் நூற்றாண்டாக இதழ்கள் அச்சொல்லுக்கு ஏற்றிவைத்த பொருளின் மொழிபெயர்ப்பாம் என்பது எம் கருத்து. 'தாசில்தார்' என்பதும் இதனை வலியுறுத்தும். தாசில் என்னும் அரபுச்சொல்லும் தண்டுதலையே குறிக்கும். தமிழில் அவர் 'வட்டாட்சியர்' ஆயினார். மூலம் அரபாயினும் ஆங்கிலமாயினும் தண்டல் நீங்கி ஆட்சியே எஞ்சிற்று.

கள்ளக்குறிச்சி 1993இல் விழுப்புர மாவட்டத்தோடு சேர்ந்து, 2019இல் தனி மாவட்டமாயிற்று. கல்வராயன்மலையும் இன்று தனி வட்டமாய் வட்டாட்சியரைப் பெற்றுள்ளது. அரசாணைகள் 'ஆட்சியர்' என்றே எழுதுகின்றன. தினமணி போன்ற நாளிதழ்களும் அவ்வாறே. தினத்தந்தி, தினமலர் போன்றவற்றிலோ 'கலெக்டர்' இன்றும் பயில்கின்றது. மனுவெழுதிக் கையிற்கொண்டு மலையினின்று இறங்கி வருவோரும் 'கலெக்டரைப் பார்க்கப் போகிறோம்' என்றே கூறுவர்.