பழைய மரம், புதிய மெருகு

மும்பையின் சோர் பஜாரிலும் ஓஷிவாராவிலும் பழைய மரச்சாமான்களுக்கென்றே கடைகள் உள்ளன. தானே கடற்கழியின் கரையில் அமைந்த ஐரோலியிலோ, பணிமாற்றம் பெற்று ஊர் மாறும் குடும்பங்கள் கட்டிலையும் மேசையையும் விற்றுச் செல்வதுண்டு. அவற்றின் நிறம் மங்கியிருக்கலாம், கீறல்கள் விழுந்திருக்கலாம். ஆயினும், மேற்பூச்சு கெட்டதனால் மரமே கெட்டுவிட்டது என்று கருதலாகாது. தேக்கு போன்ற உறுதியான மரம் பல தலைமுறைகளுக்கு உழைக்கும்.

மரத்தைத் தேர்தல்

வாங்குமுன் பொருளை அசைத்துப் பார்க்க வேண்டும். மூட்டுகள் ஆடினால் பசையிட்டு இறுக்கிக்கொள்ளலாம். ஆனால், சிறு துளைகளிலிருந்து மாவு போன்ற தூள் உதிருமாயின் அது வண்டு துளைத்து உளுத்த மரமாகும். அதனை வாங்காதிருத்தலே நன்று.

மேற்பூச்சை அறிதல்

தேய்க்கத் தொடங்குமுன், மேலே இருப்பது வண்ணமா மெருகா என்று அறிதல் வேண்டும். இந்தியாவில் வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்னும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட வண்ணத்தில் ஈயம் மிகுந்திருக்கக்கூடும். அதனைத் தேய்த்தால் எழும் தூசி மூச்சின் வழியாகவும் கைகளின் வழியாகவும் உடலுள் செல்லும். வளரும் குழந்தைகளின் மூளையைத் தாக்கும். ஆகவே, பழைய வண்ணம் பூசிய பொருளை வீட்டில் தேய்த்தல் கூடாது.

மெருகாயின், மறைவான ஓரிடத்தில் சிறிது ஸ்பிரிட்டைத் தொட்டு வைத்துப் பார்க்கலாம். மெருகு இளகினால் அஃது அவலரக்கு ஆகும். புரசு, இலந்தை முதலிய மரங்களில் வாழும் அரக்குப்பூச்சி சுரக்கும் பிசினே அரக்கு. ஜார்க்கண்டு மாநிலத்தில் இது மிகுதியாகக் கிடைக்கிறது. அவலரக்குக்கு ஒரு சிறப்பு உண்டு: மேலே பூசும் புதிய மெருகு பழைய மெருகைச் சற்றே கரைத்து அதனோடு ஒன்றிவிடும். எனவே, பழைய மெருகு முழுவதையும் நீக்க வேண்டியதில்லை.

மெருகேற்றும் முறை

முதலில் ஈரத்துணியால் அழுக்கைத் துடைத்து, நன்கு உலர விட வேண்டும். பின்னர் 220 எண் உப்புத்தாளால் மரத்தின் வரியோட்டத்திலேயே மென்மையாகத் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கீறல்கள் மெருகின் அடியில் பளிச்செனத் தெரியும். தூளைத் துடைத்தபின், ஸ்பிரிட்டில் கரைத்த அவலரக்கை மெல்லிய பூச்சுகளாக, ஒன்று உலர்ந்தபின் மற்றொன்றாகப் பூச வேண்டும். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும். ஆதலால் சன்னல்களைத் திறந்து, அடுப்பருகே செல்லாமல், பெரியோர் துணையோடு இதனைச் செய்க. சூடான குவளை வைக்கும் மேசைக்கு அவலரக்கு ஏற்றதன்று. அதற்கு வார்னிஷே தகும்.

காலம் அறிதல்

மழைக்காலத்தில் இப்பணி கூடாது. ஸ்பிரிட் ஆவியாகும்போது மரத்தின் மேற்பரப்பு குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து மெருகை வெளுக்கச் செய்கிறது. எனவே, ஐரோலியில் பருவமழை ஓய்ந்து காற்று உலரும் நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலமே உகந்தது.

சொற்பொருள்: கடற்கழி – நிலத்தினுள் நீண்ட கடல்நீர்ப் பகுதி, உளுத்த – பூச்சி அரித்த, உகந்தது – ஏற்றது.

பயிற்சி: உங்கள் வீட்டிலுள்ள பழைய மரச்சாமான் ஒன்றைப் பார்த்து, அதனைத் தேய்க்கலாமா, கூடாதா என்பதைக் காரணத்துடன் ஐந்து தொடர்களில் எழுதுக.