அடுக்கு மாடி வீட்டுக்கு ஜாதகம் பார்ப்பது எப்படி?

2020-ம் ஆண்டு ஜனவரி 11-ந் தேதி. கேரளாவில் கொச்சியை அடுத்த மரடு என்ற ஊர்.

வானளாவி நின்ற ஓர் அடுக்கு மாடிக் கட்டடத்துக்கு வெடி வைத்தார்கள். சில வினாடிகளில் அது மண்மேடு ஆயிற்று. அன்றும் மறுநாளுமாக நான்கு குடியிருப்புகள் இப்படித் தரை மட்டம் ஆக்கப்பட்டன. அவற்றில் இருந்த வீடுகள் 300-க்கும் மேல்!

வீட்டுக்காரர்கள் புறம்போக்கில் குடிசை போட்டவர்களா? இல்லை. பணம் கொடுத்து வாங்கியவர்கள். பத்திரம் வைத்திருந்தவர்கள். கட்டடத்துக்குப் பஞ்சாயத்து கொடுத்த அனுமதிச் சீட்டும் இருந்தது.

பிறகு ஏன் இடித்தார்கள்?

காயல் கரையில் கட்டடம் கட்டக் கடலோர விதிகள் உண்டு. அந்த விதிப்படி வாங்க வேண்டிய அனுமதி வாங்கப்படவில்லை. பஞ்சாயத்தே 2007-ல் "அனுமதியை ஏன் ரத்து செய்யக்கூடாது?" என்று நோட்டீசு விட்டது. கட்டியவர்கள் ஐகோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கினார்கள். கட்டடம் எழுந்தது. வீடுகள் விற்றன. வழக்கும் ஒரு பக்கம் நடந்தது. 2019 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு, "இடித்துத் தள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டது!

கையில் இருந்த காகிதம் பொய் அல்ல. கையில் இல்லாத காகிதம்தான் கட்டடத்தைச் சாய்த்தது.

இப்படி இல்லாத காகிதத்தைத் தேடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சொத்து வழக்கு பார்க்கும் வக்கீல்கள், கட்டட இன்ஜினீயர்கள், வங்கிக்கு மதிப்புப் போடுகிறவர்கள். சென்னையில் ஒரு குடும்பம் வீடு வாங்கப் போகிறது. பத்திரக் கட்டை அவர்களிடம் கொடுத்தால் என்ன செய்வார்கள்?

தாய்ப் பத்திரம்

வக்கீல் முதலில் கேட்பது தாய்ப் பத்திரத்தை. நிலம் இன்றைய சொந்தக்காரருக்கு எப்படி வந்தது? அவருக்கு விற்றவருக்கு எப்படி வந்தது? இப்படி 30 ஆண்டுகளாவது பின்னால் போவார்கள். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப் போனாலும் அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

ஒரு பாகப் பிரிவினைப் பத்திரம் வருகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். அதில் கையெழுத்துப் போட்டவர்கள் நான்கு பேர். வாரிசுச் சான்றிலோ ஐந்து பெயர்! ஐந்தாவது பெயர் கட்டிக் கொடுத்த மகளாக இருக்கும். "அவளுக்குத்தான் சீர் செய்தாகிவிட்டதே" என்று வீட்டில் சொல்வார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2005-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனைப் போல மகளுக்கும் பங்கு உண்டு. அந்த ஒரு கையெழுத்து வராமல் வக்கீல் "வாங்கலாம்" என்று எழுத மாட்டார்.

அடுத்தது பவர் பத்திரம். சென்னையில் நிலம் ஒருவருடையது, கட்டுகிறவர் இன்னொருவர் என்பது சகஜம். நிலக்காரர் பவர் கொடுப்பார். கட்டுகிறவர் அதை வைத்து விற்பார். பவர் கொடுத்தவர் இறந்து போனால், பொதுவாக அந்தப் பவரும் செத்துவிடும். ஆகவே, விற்பனைப் பத்திரம் எழுதும் நாளில் அவர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்ப்பார்கள்.

"வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறதே, அது போதாதா?" என்று பலர் கேட்கிறார்கள். போதாது! பதிவு ஆபீசில் பதிவானவை மட்டுமே அதில் வரும். பதியாத உயிலும், கோர்ட்டில் நடக்கும் வழக்கும் அதில் தெரியாமல் போகலாம். ஆகையால் விற்பவர் பெயரைப் போட்டுக் கோர்ட்டு இணையதளத்திலும் தேடுகிறார்கள்.

நகலை மட்டும் காட்டினால் நம்ப மாட்டார்கள். அசல் எங்கே? வங்கிப் பெட்டியில் அடமானமாக உறங்குகிறதோ?

பங்கைக் கூட்டு!

அடுக்கு மாடி வீடு வாங்குகிறவருக்கு வீட்டோடு நிலத்திலும் பங்கு உண்டு. அதற்குப் பெயர் பிரிக்கப்படாத பங்கு. பளபளக்கும் தரையைப் பார்க்கிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை. கட்டடம் கிழடாகும், நிலம் ஆகாது. நாளை இடித்துக் கட்டும்போது இந்தப் பங்குதான் பேசும்.

இங்கே நிபுணர் செய்வது சின்னக் கணக்கு. நிலம் இரண்டு கிரவுண்டு, அதாவது 4,800 சதுர அடி. சம அளவில் எட்டு வீடுகள். வீட்டுக்கு 600 சதுர அடிப் பங்கு வர வேண்டும். வில்லங்கச் சான்றில் உள்ள எல்லாப் பங்குகளையும் கூட்டுவார். 4,800-ஐத் தாண்டினால்? இல்லாத நிலத்தை யாருக்கோ விற்றிருக்கிறார்கள்! குறைந்தால்? மீதியைக் கட்டுகிறவர் கையில் வைத்திருக்கிறார். நாளைக்கு இன்னொரு மாடி எழுப்பும் எண்ணமோ என்று கேட்க வேண்டியதுதான்.

வரைபடமும் வீடும்

இனி இன்ஜினீயர் வேலை. அனுமதி பெற்ற வரைபடத்தைக் கையில் பிடித்துக் கொண்டு கட்டடத்தைச் சுற்றி வருவார். வரைபடத்தில் நான்கு மாடி, நேரில் ஐந்தா? வண்டி நிறுத்தும் இடம் கடையாகிவிட்டதா? பெரிய கட்டடம் என்றால், கட்டி முடித்ததற்கான சான்று எங்கே?

மண் பரிசோதனை அறிக்கையையும் கேட்பார். சென்னையை ஒட்டிய மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28-ந் தேதி 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டதை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மறக்கவில்லை. அதற்கும் கட்ட அனுமதி இருந்தது.

கட்டிக் கொண்டிருக்கும் வீடு என்றால் 2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் துணை நிற்கும். விற்பனை ஒப்பந்தம் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. கட்டியவர் குறையால் கட்டுமானத்தில் பழுது வந்தால், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் சொன்னால் அவர் செலவிலேயே சரி செய்ய வேண்டும்.

குடியேறிய பிறகு

வீடு வாங்கியதும் பத்திரத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டி விடுகிறார்கள். கட்டடத்தின் பொதுக் காகிதங்கள் யாரிடம்? வரைபடம், லிப்டு உரிமம், தீயணைப்புச் சான்று எல்லாம் கட்டியவர் ஆபீசிலேயே கிடக்கும். அவற்றை வீட்டுக்காரர் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2024-ல் நடைமுறைக்கு வந்த அடுக்கு மாடி வீட்டு உரிமைச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு வீட்டுக்காரர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டலாம். அப்போது இந்தக் காகிதங்களைத்தான் முதலில் கேட்பார்கள்.

டில்லிக்குப் பக்கத்தில் நொய்டாவில் ஒரு குடியிருப்புச் சங்கத்தார், தங்கள் வளாகத்தின் அனுமதி வரைபடத்தைக் கேட்டார்கள். கொடுக்கவில்லை. கோர்ட்டுக்குப் போனார்கள். வீட்டுக்காரர்கள் சம்மதம் இல்லாமல் வரைபடத்தை மாற்றி, இரண்டு கோபுரங்களை எழுப்பியது அம்பலம் ஆயிற்று. 2021-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. 2022 ஆகஸ்டு 28-ந் தேதி இரண்டு கோபுரங்களும் வெடி வைத்து வீழ்த்தப்பட்டன. பழைய வரைபடத்தில் அங்கே தோட்டத்துக்கு இடம் விடப்பட்டிருந்தது.