உதவித் தொகையும் பாங்கிக் கணக்கும்

சர்க்கார் வழங்கும் உதவித் தொகை முன்பெல்லாம் தபால்காரர் கையால் மணியார்டராக வந்தது. இப்போது அது நேராகப் பாங்கிக் கணக்கில் வரவாகிறது. இடையில் நின்று கைநீட்டுவோர் தொல்லை இதனால் பெருமளவு குறைந்ததை நாம் மறுப்பதற்கில்லை. ஆனால் பணம் போகும் பாதையிலேயே பார்வையும் போகும். கொடுத்தவர், தாம் கொடுத்தது உரியவருக்குத்தான் சேர்ந்ததா என்று பார்க்க விரும்புகிறார். அந்தப் பார்வை எவ்வளவு தூரம் போகலாம், எம்முறையில் போக வேண்டும் என்பது இன்று பல நாடுகளில் எழுந்துள்ள கேள்வி. ராசிங்காபுரம் போன்ற மலையடிவார ஊர்களில் பயிர் செய்வோர்க்கும், ஆண்டிபட்டியை அடுத்த சக்கம்பட்டியில் தறி போடுவோர்க்கும் இது புறம்பான சங்கதி அன்று.

பிரிட்டனில் 2025-ஆம் ஆண்டு இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றினார்கள். அதன்படி, உதவித் தொகை வரவாகும் கணக்குகளைப் பாங்கிகளே தேடிப் பார்த்து, தகுதி விதிக்கு முரணாகத் தோன்றுபவற்றைச் சர்க்காருக்குத் தெரிவிக்க வேண்டும். அங்கே ஏழைக் குடும்பங்களுக்குத் தரப்படும் முக்கியமான உதவி ஒன்றுக்கு, 16,000 பவுண்டுக்கு மேல் சேமிப்பு இருத்தல் ஆகாது என்பது விதி. அத்தொகைக்கு மேல் இருப்பு உள்ள கணக்கு கண்ணில் பட்டால் தகவல் போகும். எந்தக் கடையில் என்ன வாங்கினார் என்ற விவரத்தைப் பாங்கி தரக் கூடாது. முதியோர்க்கான அரசு ஓய்வூதியமும் இதில் சேராது. ஆயினும், சந்தேகத்துக்கு இடமே தராத இலட்சக்கணக்கானோர் கணக்கையும் சல்லடையிட்டுப் பார்ப்பது நியாயந்தானா என்று அந்நாட்டு முதியோர் சங்கங்களும் ஊனமுற்றோர் சங்கங்களும் கேட்டன.

நம் நாட்டில் கையாளப்படும் வழி வேறு. ஒரு பதிவேட்டை இன்னொரு பதிவேட்டோடு ஒப்பிடுவதே இங்கு நடப்பது. 2019-இல் தொடங்கிய பிரதம மந்திரி கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணையாக உழவர் கணக்கில் சேர்கிறது. வருமான வரி செலுத்தியோர் பட்டியலோடு ஒப்பிட்டுத் தகுதியற்றோர் நீக்கப்பட்டனர். பெற்ற பணமும் திரும்பக் கேட்கப்பட்டது. 2023 செப்டம்பர் 15-ஆம் தேதி நம் மாநிலத்தில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தில் குடும்ப வருமானம் இரண்டரை இலட்சம், மின்சாரம் 3,600 யூனிட், நன்செய் ஐந்து ஏக்கர், புன்செய் பத்து ஏக்கர் என்று வரம்புகள் வகுத்து, பல துறைகளின் ஏடுகளைக் கொண்டு சரிபார்த்தார்கள். இத்தகைய ஒப்பீட்டைக் கூட்டுறவு அங்கத்தினர் நன்றாக அறிவர். 2021-இல் ஐந்து பவுனுக்குட்பட்ட நகைக் கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டபோது, சங்கங்களில் இருந்த ஏறத்தாழ 48 இலட்சம் கடன்களின் விவரங்கள் ஆதார் எண்ணோடும் குடும்ப அட்டையோடும் ஒப்பிடப்பட்டன. அவற்றுள் 35 இலட்சத்துக்கு மேற்பட்டவை தள்ளுபடிக்குத் தகுதியற்றவை எனக் கழிக்கப்பட்டன.

கண்காணிப்பே வேண்டாம் என்று வாதிடுவோர் 2020-ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்க வேண்டும். அவ்வாண்டு கிசான் திட்டத்தில் நம் மாநிலத்தில் மட்டும் சுமார் ஐந்தரை இலட்சம் பேர் தகுதியின்றிச் சேர்க்கப்பட்டதும், 110 கோடி ரூபாய் வரை தவறாகப் போனதும் வெளியாயின. துறையினருடைய கடவுச்சொற்கள் வெளியார் கைக்குப் போயிருந்தன. நிலமே இல்லாதவர்களை உழவர்களாகப் பதிந்து தரகர்கள் கமிஷன் பெற்றார்கள். அப்பணத்தைக் கணக்குகளிலிருந்து மீட்டதும் சர்க்காரின் கண்காணிப்பினால்தான். ஏரிக்குக் கரை இருப்பது போல் பொதுப் பணத்துக்குத் தணிக்கை இருக்கத்தான் வேண்டும். நம்முடைய ஐயம் அதன் முறையைப் பற்றியதே.

முறை தவறினால் என்ன நேரும் என்பதற்கு ஆஸ்திரேலியா சாட்சி. அங்கே 2015-இல் சோதனையாகத் தொடங்கி மறு ஆண்டு முழு அளவில் நடந்த ஏற்பாட்டில், ஒருவருடைய ஆண்டு வருமானத்தை வரித்துறையிடமிருந்து பெற்று, அதை இருபத்தாறு இரு வாரங்களாகச் சமமாகப் பங்கிட்டார்கள். ஆறு மாதம் வேலை செய்து ஆறு மாதம் வேலையின்றி இருந்தவரும் ஆண்டு முழுவதும் சம்பாதித்ததாகக் கணக்கு காட்டியது. வேலையில்லாத காலத்தில் வாங்கிய உதவி ‘கடன்’ ஆகி, திருப்பிக் கட்டு என்ற கடிதம் வந்தது. கடன் இல்லை என்று மெய்ப்பிக்கும் பாரமும் கடிதம் பெற்றவர் தலைமேலேயே விழுந்தது. இலட்சக்கணக்கானோர் துன்புற்ற பிறகு, 2019-இல் இது சட்டத்துக்குப் பொருந்தாது என்பதை நீதிமன்றத்தில் சர்க்காரே ஒப்புக்கொண்டது. விசாரணைக் கமிஷனின் கடுமையான அறிக்கை 2023 ஜூலையில் வெளிவந்தது.

இந்தச் சராசரிக் கணக்கு எவ்வளவு பேதைமை என்பதை நம் மலைச்சாரல் மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஏலக்காய் பறிப்பு ஆண்டில் சில மாதங்களே; போடிமெட்டு வழியாக ஜீப்பில் ஏறும் கூலியாட்களுக்குப் பறிப்பு மாதத்தில் கை நிறையும், கோடையில் கை ஓயும். விலையோ அதைவிடத் தாறுமாறு. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட சரக்கு அது. ஆனால் அவ்வாண்டு வறட்சியால் விளைச்சல் குன்றி, விற்கச் சரக்கில்லாதவர் பலர். தறிக்காரர் நிலையும் இதுவே. பாவு அறுத்துச் சேலையைச் சங்கத்தில் சேர்த்தால் கூலி. மழை நாளில் பாவோட முடியாவிட்டால் கூலியும் இல்லை. இவர்களுடைய ஒரு மாத வரவைப் பன்னிரண்டால் பெருக்கினாலும் பொய். ஆண்டு வரவைப் பன்னிரண்டால் வகுத்தாலும் பொய்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கணக்கில் கிடக்கும் பணமெல்லாம் கணக்குடையவர் பணம் என்று பாங்கி ஏடு காட்டும். ஊர் நடப்பு அப்படியன்று. மகளிர் குழுத் தலைவியின் சொந்தக் கணக்கில் குழுப் பணம் நாலு நாள் தங்கும். ஆள் கட்டிப் போகும் மேஸ்திரி கணக்கில் இருபது பேர் முன்பணம் வந்திறங்கும். பேத்தி கல்யாணத்துக்கு மகன் அனுப்பிய தொகை தாயாரின் கணக்கில் ஆறு மாதம் இருக்கும். தொகை எவ்வளவு என்று இயந்திரம் சொல்லும். அது யாருடையது என்று கணக்குடையவரைக் கேட்டால்தான் தெரியும்.

கேட்பது, நம் துறையில் பழகிய வழக்கமே. சங்கத்தின் பணத்துக்கு ஒரு செயலாளர் நஷ்டம் விளைவித்ததாகத் தெரிந்தாலும், 1983-ஆம் ஆண்டு தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87-ஆம் பிரிவின்படி, அவர் தம் தரப்பைச் சொல்ல வாய்ப்பளித்த பின்னரே தண்டத்தீர்வை விதிக்க முடியும். சங்கப் பணத்தைக் கையாண்டவருக்கு இருக்கும் இந்த உரிமை, மாத உதவித் தொகை பெறும் கைம்பெண்ணுக்கும் இருக்க வேண்டாமா? ஆய்வுக்குச் செல்லும் ஊர்களில் நாம் காண்பது என்னவெனில், தொகை நின்ற செய்தியைப் பலர் பாஸ் புத்தகத்தில் வரவு விழாததைக் கொண்டே அறிகின்றனர். காரணம் என்ன, எந்த ஏட்டில் கண்டது, யாரிடம் முறையிடுவது என்ற மூன்றும் எழுத்தில் முதலில் வர வேண்டும். நிறுத்தம் அதன் பிறகே வர வேண்டும். மகளிர் உரிமைத் தொகையில் 2023-இல் மறுக்கப்பட்டோர்க்குக் காரணத்தைக் குறுஞ்செய்தியால் தெரிவித்து, முப்பது நாளுக்குள் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வழி வைத்தது நல்ல முன்மாதிரி. கைப்பேசி மகனிடம் இருக்கும் வீடுகளில் அச்செய்தி தாயாரிடம் போய்ச் சேர்ந்ததா என்பதையும் பார்த்தல் நலம்.

உச்ச நீதிமன்றம் 2017-இல் அந்தரங்கம் என்பது குடிமக்களின் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. மறு ஆண்டு செப்டம்பர் 26-ஆம் தேதித் தீர்ப்பில், உதவித் தொகைக்கு ஆதார் கேட்பதை ஒப்புக்கொண்டு, எல்லாப் பாங்கிக் கணக்குகளையும் ஆதாரோடு கட்டாயம் இணைக்க வேண்டும் என்ற விதியை நீக்கிவிட்டது. உதவி பெறுவோர்க்கும் பெறாதோர்க்கும் இடையே இப்படி ஒரு கோடு விழுந்துள்ளது. ஏழை ஆனதனாலேயே அதிகம் பார்க்கப்படுவோருக்கு, பார்க்கும் முறையிலாவது அதிகக் கவனம் கிடைக்க வேண்டும் என்பது நம் கருத்து.

இனி அங்கத்தினர் செய்து கொள்ளக்கூடியவை. ஆதார் எண் மூலம் அனுப்பப்படும் தொகை, அவ்வெண்ணோடு கடைசியாக இணைத்த கணக்குக்கே போகும். புதிய பாங்கியில் கணக்குத் திறந்தபோது கையொப்பமிட்ட தாளில் இவ்விணைப்பும் இருந்திருக்கலாம். ‘நின்றுவிட்டது’ என்று எண்ணிய தொகை அங்கே சேர்ந்துகொண்டிருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள். வருமான வரிப் படிவம் தாக்கல் செய்வது வேறு, வரி செலுத்துவது வேறு. கடனுக்காகப் படிவம் மட்டும் தாக்கல் செய்தவர் அதன் நகலைப் பத்திரப்படுத்துக. குழுப் பணத்தைச் சொந்தக் கணக்கில் வைக்கும் வழக்கத்தை விட்டு, சங்கத்திலேயே குழுவின் பெயரில் சேமிப்புக் கணக்கு தொடங்குவது உத்தமம். அதுவரை எவர் கணக்கிலாவது பொதுப் பணம் தங்கினால், தேதியும் தொகையும் குறித்துக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். விசாரணை வரும் நாளில் அந்தப் பக்கத்தின் நகலில் கையொப்பமிட்டுத் தரச் சங்கச் செயலாளருக்கு ஐந்து நிமிஷம் போதும்.