அப்பத்தா வேகத்தில் நடங்க!

"என்னங்க, டாக்டர் நடக்கச் சொல்லி மூணு மாசம் ஆச்சு. நீங்க டி.வி.க்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவுலதான் நடந்துக்கிட்டு இருக்கீங்க!"

திண்டுக்கல்லில் எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் கேட்ட வசனம் இது. அவருக்கு வயது 46, சர்க்கரை. பையனுக்கு 13, செல்போன் இல்லாமல் சாப்பாடு இறங்காது. அப்பத்தாவுக்கு முழங்கால் வலி. 'நாலு பேருமே சேர்ந்து நடந்தா என்ன?' என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்கோட்டைக்குக் கிளம்பினார்கள்.

நடந்தது என்ன தெரியுமா? அப்பாவும் பையனும் போட்டி போட்டுக்கொண்டு படியேறினார்கள். அம்மா பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். அப்பத்தா அடிவாரத்திலேயே தங்கிவிட்டார். இறங்கி வந்ததும், பதினோரு மணி வெயிலில், ஒரு கோயில் பிராகாரத்தை வெறுங்காலோடு மூன்று சுற்று வேறு. வீட்டுக்கு வந்த பிறகு தரையில் ஈரத்தடத்தைப் பார்த்துவிட்டு அம்மா கேட்டார்: "உங்க காலுல என்னங்க?" உள்ளங்காலில் பெரிய கொப்புளம் கிளம்பி, உடைந்தும் போயிருக்கிறது. அவருக்குச் சூடே உறைக்கவில்லை. புண் ஆற ஒன்றரை மாதம் ஆனது.

நடந்ததில் தப்பில்லை. நடந்த விதத்தில்தான் தப்பு!

யார் கேப்டன்?

பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உழைப்பு வேண்டும், பிள்ளைகளுக்கு தினம் 60 நிமிடம் ஓடியாடும் விளையாட்டு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினமும் தெருவில் அரை மணி நேரம் நடப்பதுதான் அடிப்படை. ஆனால், தனியாக நடப்பவர் ஒரு மாதத்தில் சலித்துப்போய் நிறுத்திவிடுவார். ஞாயிறு தோறும் குடும்பத்தோடு ஊருக்கு வெளியே ஒரு நடை போட்டால், மற்ற ஆறு நாளும் நடக்க மனசு வரும்.

அதற்கு ஒரே விதிதான். உங்கள் கூட்டத்தில் யார் மெதுவாக நடக்கிறாரோ, அவர்தான் கேப்டன். அவர் முன்னால், மற்றவர்கள் பின்னால். அப்பத்தாவை முன்னால் விட்டுப் பாருங்கள்... யாரும் பின்தங்க மாட்டார்கள்!

வேகம் சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது. பேசவே மூச்சு முட்டினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். வேகம் போதாது என்று துடிக்கும் பையனை, "அந்தப் புளியமரத்தைத் தொட்டுட்டு ஓடி வா" என்று அனுப்புங்கள். நீங்கள் இரண்டு கிலோமீட்டர் நடப்பதற்குள் அவன் நாலு கிலோமீட்டர் ஓடியிருப்பான்.

எங்கே போகலாம்?

சமதளத்தில் ஆரம்பித்து மலைக்குப் போங்கள். முதல் நாளே மலை வேண்டாம்.

ஆத்தூர் காமராஜர் அணை: செம்பட்டிக்குப் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் இருக்கிறது. திண்டுக்கல் நகருக்குக் குடிநீர் தரும் அணைகளில் ஒன்று. "நம்ம வீட்டுக் குழாயில வர்ற தண்ணி எங்கே இருந்துடா வருது?" என்று பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டே நடக்கலாம். அப்பத்தாக்களுக்கு ஏற்ற இடம். ஆனால், தண்ணீரில் இறங்க யாருக்கும் அனுமதி கிடையாது என்பதை வீட்டிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். சேறும் ஆழமும் மேலே நின்று பார்த்தால் தெரியாது.

தாடிக்கொம்பு: கரூர் சாலையில், குடகனாற்றின் கரையில் இருக்கும் ஊர். சௌந்தரராஜப் பெருமாள் கோயில் மண்டபத்துத் தூண் சிற்பங்களை நின்று நிதானமாகப் பார்க்கவே அரை மணி நேரம் வேண்டும். காலையில் முதலில் வயல் பக்கம் நடந்துவிட்டு, வெயில் ஏறுமுன் கோயிலுக்குள் போய்விடுங்கள். வயல்வெளியில் இரண்டு ஆபத்து உண்டு. ஒன்று, கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. சின்னப் பிள்ளைகளின் கையை விடக்கூடாது. இன்னொன்று, சீமைக்கருவேல முள். ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறிவிடும்.

மலைக்கோட்டை: ஊருக்குத் 'திண்டு'க்கல் என்று பேர் வாங்கிக் கொடுத்த பாறை. 1605 வாக்கில் மதுரை முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் கட்டத் தொடங்கிய கோட்டை. 1755-ல் ஹைதர் அலி இங்கே படைத் தலைவராக வந்தார். 1790-ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். மேலே நின்றால் ஒரு பக்கம் சிறுமலை, இன்னொரு பக்கம் கொடைக்கானல் மலை. திறக்கும் நேரத்தை விசாரித்துக்கொண்டு முதல் ஆளாகப் போய்விடுங்கள். மேலே நிழல் குறைவு, பாறை சீக்கிரம் சூடேறிவிடும். ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது முட்டி வாங்கும்! இறங்குகையில்தான் முழங்காலில் பாரம் அதிகம் விழுகிறது. அதனால் மூட்டு வலிக்காரர்கள் அடிவாரத் தெருக்களில் நடந்தாலே போதும். நெஞ்சில் அழுத்தமோ, இடது கை, தாடையில் வலியோ வந்தால் 'வாயுப் பிடிப்பு' என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் அங்கேயே உட்கார்ந்து, 108-க்கு போன் போடுங்கள்.

சிறுமலை: இது கடைசிப் பாடம். 18 கொண்டை ஊசி வளைவுகளை வண்டியில் ஏறி, மேலே போய் நடப்பது நல்லது. காட்டுமாடு நடமாடும் இடம். சாலையை விட்டுக் காட்டுக்குள் இறங்க வேண்டாம்.

வெயிலை ஏமாற்றுங்கள்

தைப்பூசத்துக்குத் திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடந்து போகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? விடியுமுன் எழுந்து நடப்பார்கள். உச்சி வெயிலில் நிழலில் படுத்துவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு மறுபடி கிளம்புவார்கள். அந்தப் பாடம் நமக்கும்தான். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நடைக்கு அருமையான காலம். மார்ச் பிறந்துவிட்டால், எட்டரை மணிக்குள் வீடு திரும்புங்கள். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் நாலு வாய் தண்ணீர் குடியுங்கள்.

சர்க்கரைக்காரர்களுக்கு...

நம் கதைத் தலைவருக்கு ஏன் சூடு உறைக்கவில்லை? பல வருடம் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் பாத நரம்புகள் மரத்துப்போகும். முள் குத்தினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. ஆகவே,

* வெறுங்கால் நடை கூடவே கூடாது. குதிகாலில் வார் வைத்த எம்.சி.ஆர். செருப்போ, காட்டன் சாக்ஸும் ஷூவுமோ போடுங்கள். கோயிலுக்குக் காலையிலோ மாலையிலோ போங்கள், சாக்ஸோடு நடக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

* வீட்டுக்கு வந்ததும் கால் கழுவி, விரல் இடுக்கு வரை துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். குனிய முடியாதவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்க்கட்டும். புண் தெரிந்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

* இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட நடை போகக்கூடாது. திடீரென்று வேர்த்து, கை நடுங்கி, படபடப்பு வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். கால் மணி நேரத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு தரம். சர்க்கரைப் பொட்டலம் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.

நாயும் பாம்பும்

நாய் கடித்தால் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே தடுப்பூசி போடுங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

பிரியாணிக் கடை வழியாக வராதீங்க!

ஒரு மணி நேரம் நடந்தால் செலவாவது சுமார் 200 முதல் 250 கலோரி. திண்டுக்கல்லில் ஒரு பிளேட் பிரியாணியில் அதைப் போல இரண்டு மடங்கு! வேண்டாம் என்று சொல்லவில்லை... நடைக்குக் கூலியாக அதைக் கேட்காதீர்கள். தூக்குவாளியில் சுண்டல், கொய்யா, சிறுமலைப்பழம் கொண்டு போனால் போதும். சர்க்கரைக்காரருக்குப் பாதிக் கொய்யா, சுண்டல் தாராளமாக.

அந்த வீட்டில் இப்போது ஞாயிறு காலை ஆறு மணிக்கு அப்பத்தாதான் முதலில் செருப்பு மாட்டுகிறார். "ஏப்பா, சாக்ஸ் போட்டியா?" என்று மகனைக் கேட்கிறார். பேரன், அப்பாவின் உள்ளங்காலைப் பார்த்து 'ஓ.கே.' சொன்ன பிறகுதான் செல்போனைத் தொடலாம் என்பது வீட்டுச் சட்டம்!

உங்கள் வீட்டு கேப்டன் யார் என்று இன்றைக்கே முடிவு பண்ணிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் நாளில்லை!