கன்று வாங்கும் முன் மலை ஏறிப் பாருங்கள்: பர்லியார், குன்னூர், ஊட்டி

'எங்கள் தோட்டத்தில் மங்குஸ்தான் வருமா?', 'பிளம்ஸ் கன்று வாங்கலாமா?', 'ஜாதிக்காய் வைத்து ஏழு வருடம் ஆகிறது, ஏன் காய்க்கவில்லை?' இப்படிக் கேட்டு வரும் கேள்விகளுக்குப் பதில் பெரும்பாலும் நிலத்தின் உயரத்திலும் ஈரத்திலும்தான் இருக்கிறது. அதை எழுத்தில் படிப்பதைவிட, ஒரே நாளில் கண்ணால் பார்க்க நல்ல வழி ஒன்று உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி போகும் சுமார் 50 கிலோமீட்டர் மலைப்பாதை அது.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 அடி. குன்னூர் 6,000 அடி, ஊட்டி 7,300 அடி. ஆயிரம் அடி ஏறினால் வெப்பம் சுமார் 2 டிகிரி செல்சியஸ் குறையும். கீழே வியர்வையோடு கிளம்பியவர், மேலே போய் ஸ்வெட்டரைத் தேடுவது இதனால்தான். மனிதனுக்கே இப்படியென்றால், இடம் மாறி நடப்பட்ட செடிக்கு எப்படி இருக்கும்? இந்தப் பாதையில் உள்ள மூன்று அரசுத் தோட்டங்கள் அதைக் காட்டுகின்றன.

பர்லியார்: நிழலும் ஈரமும்

மலையடிவாரத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் ஏறியதும் வருவது பர்லியார். இங்குள்ள அரசு தோட்டக்கலைப் பண்ணை 1871-ல் தொடங்கப்பட்டது. மங்குஸ்தான், ஜாதிக்காய், கிராம்பு என வெளிநாட்டிலிருந்து வந்த மரங்கள் பல தலைமுறையாக இங்கே நிற்கின்றன.

மங்குஸ்தான் மரத்தின் கீழ் நின்று சுற்றிலும் பாருங்கள். பெரிய மரங்களின் நிழல், அருகில் ஓடை, காற்றில் ஈரம். இந்த மூன்றும் இல்லாத வறண்ட வெயில் காட்டில் மங்குஸ்தான் கன்றின் இலை கருகிவிடும். குற்றாலம், கன்னியாகுமரி மலைச்சரிவு போன்ற ஈரப்பாங்கான இடங்களில் அது நன்றாக வருகிறது. விதைக் கன்று காய்க்க ஏழு முதல் பத்து வருடம் ஆகும். ஆனால், மகரந்தச் சேர்க்கை இல்லாமலே விதை உருவாவதால், விதைக் கன்றும் தாய் மரத்தின் குணத்தோடுதான் இருக்கும். விதை உலர்ந்தால் முளைக்காது. பழம் தின்ற கையோடு கழுவி ஊன்றிவிட வேண்டும்.

ஜாதிக்காயில் கதை வேறு. இதில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. விதையில் முளைத்தவற்றில் ஏறக்குறைய பாதி ஆண் மரமாகப் போய்விடும். பூக்கும் வரை எது ஆண், எது பெண் என்று தெரியாது. ஏழு வருடம் தண்ணீர் ஊற்றிய பிறகு காய்க்காமல் நிற்பது ஆண் மரமாக இருக்கலாம். அதனால்தான் பெண் மரத்திலிருந்து எடுத்த ஒட்டுக்கன்று வாங்கச் சொல்கிறார்கள். பத்துப் பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரம் போதும். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னைக்கு நடுவே ஜாதிக்காய் செழிப்பதற்கும் காரணம், தென்னை தரும் நிழலும் பாசன ஈரமும்தான்.

குன்னூர்: குளிர் கேட்கும் பழங்கள்

குன்னூர் சிம்ஸ் பூங்கா 1874-ல் உருவானது. சென்னை அரசின் செயலாளராக இருந்த ஜே.டி. சிம்ஸ், மேஜர் முர்ரே ஆகியோர் இதற்கு வித்திட்டவர்கள். சுமார் 30 ஏக்கரில், பள்ளத்தாக்கின் சரிவை அப்படியே வைத்து அமைத்திருக்கிறார்கள். குழந்தைகளுக்கு ருத்ராட்ச மரத்தைக் காட்டலாம். மே மாதம் இங்கே பழக் கண்காட்சி நடக்கும்.

குன்னூர் வட்டாரத்தில் பிளம்ஸ், பீச், பேரி மரங்களைப் பார்க்கலாம். டிசம்பர், ஜனவரியில் இவை இலையெல்லாம் உதிர்த்து மொட்டையாக நிற்கும். பட்டுப்போய்விட்டதோ என்று தோன்றும். உண்மையில் அது உறக்கம். குறிப்பிட்ட அளவு குளிரை வாங்கிய பிறகுதான் மொட்டு விழித்துப் பூக்கும். ரகத்துக்கு ரகம் இந்தக் குளிரின் அளவு மாறும். சமவெளியில் அந்தக் குளிர் கிடைக்காது. மரம் இலை விட்டு வளரலாம். பழத்தை நம்பிப் பணம் போட முடியாது. சந்தையில் படத்தைக் காட்டி 'எல்லா ஊருக்கும் ஏற்றது' என்று பிளம்ஸ் கன்று விற்றால், 'கீழே காய்த்த மரத்தை எங்கே பார்க்கலாம்?' என்று கேளுங்கள்.

ஊட்டி: காய்கறியில் தொடங்கிய தோட்டம்

ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவைப் பூக்களுக்காகத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். அதன் தொடக்கம் காய்கறிக்காக! 1845-ல் அங்கிருந்த ஐரோப்பியர்கள் மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு, தங்களுக்குக் காய்கறி விளைவிக்க ஒரு தோட்டம் வைத்தார்கள். அது நிலைக்கவில்லை. 1848-ல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்ற வில்லியம் கிரகாம் மெக்ஐவர் வந்தார். மேலே காடு, கீழே சதுப்பு என்று கிடந்த சரிவில் தண்ணீரை வடித்து, படிப்படியாக நிலத்தை அமைத்துத் தோட்டமாக்கினார். மலேரியாவுக்கு மருந்து தரும் சின்கோனாவை நீலகிரியில் வளர்த்ததிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 55 ஏக்கர் பூங்காவைச் சுற்றும்போது, சரிவில் மழைநீர் மண்ணை அரிக்காமல் எப்படி இறங்குகிறது என்று கவனியுங்கள். மேட்டு நிலம் வைத்திருப்பவர்களுக்கு அது நேரடிப் பாடம். 2 கோடி ஆண்டு பழமையான கல்மரமும் இங்கே உண்டு. நேரம் இருந்தால், 1995-ல் நூறாவது மலர்க்காட்சியின் நினைவாகத் தொடங்கிய ரோஜா பூங்காவையும் பார்க்கலாம்.

ஓர் எச்சரிக்கை. உருளைக்கிழங்கைத் தாக்கும் தங்க நூற்புழு, இந்தியாவில் முதன்முதலில் 1961-ல் நீலகிரியில்தான் கண்டறியப்பட்டது. அதன் முட்டைக்கூடுகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். கிழங்கில் ஒட்டிய மண்ணோடும், செருப்பில் ஒட்டிய சேற்றோடும் அது பயணம் செய்யும். சமையலுக்கு வாங்குவது வேறு. வயலில் நட அங்கிருந்து கிழங்கோ, மண்ணோடு பிடுங்கிய செடியோ எடுத்து வராதீர்கள். அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டு வரப்பட்ட உண்ணிச்செடி இன்று காடெல்லாம் பரவி, மேய்ச்சல் நிலத்தை விழுங்கியதை மறக்கக் கூடாது.

போகும் முன்

கூட்டம் அதிகமான மே மாதத்தைவிட, மற்ற மாதங்களில் வார நாளில் போனால் பண்ணை ஊழியர்களிடம் நின்று பேச முடியும். பர்லியாரில் மங்குஸ்தான் பழம் பார்க்க ஜூலை, ஆகஸ்ட் ஏற்றது. சொந்த வாகனத்தில் போகிறவர்கள் இ-பாஸ் நடைமுறையை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டில்களுக்கு நீலகிரியில் தடை உள்ளதால், வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள்.

எந்த மரம் பிடித்திருந்தாலும் கன்றுக்குப் பணம் கொடுக்கும் முன் நான்கு கேள்விகளைக் கேட்டு எழுதி வையுங்கள். இந்த மரம் எந்த உயரம் வரை காய்க்கும்? வருடத்தில் எத்தனை மாதம் ஈரம் வேண்டும்? கன்று விதையில் வந்ததா, ஒட்டா? முதல் காய்ப்புக்கு எத்தனை வருடம்? நான்குக்கும் பதில் உங்கள் நிலத்தோடு பொருந்தினால் வாங்குங்கள். பொருந்தாவிட்டால் பழத்தை மட்டும் வாங்கி, குடும்பத்தோடு சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள். ஒரு நாள் பேருந்துச் செலவு, எட்டு வருட உழைப்பு வீணாகாமல் காப்பாற்றும்.